துரை பங்களாவும் புல்டோக் நாயும்



இலக்கியத் தொடரொன்றிலே நாய்க்கு என்ன வேலை என்று உங்களிற் சிலர் நினைக்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆயினும் இந்நாட்டின் எழுதப்பட்ட வரலாற்றினுடைய வாசலிலேயே ஒரு நாய் நிற்கிறது என்பதை நினைவூட்ட விரும்புகிறேன். விஜயனும் தோழர்களும் இலங்கையிற் கரையேறிய சற்று நேரத்தில், இயக்கி ஒருத்தி பெட்டை நாய் வடிவில் அவர்கள் முன் வந்தாள் என்கிறது மகாவம்சம். நாய் இருக்குமாயின் அருகே ஊர் இருக்கவேண்டும் என்று எண்ணி ஒருவன் அதன் பின்னே போனான். நாயைக் கண்டால் மனிதர் இருப்பர் என்ற அந்த எண்ணம் எத்துணை பழையது பாருங்கள்.

நமது தமிழிலும் நாய்க்குக் குறைவில்லை. ஞமலி, ஞாளி, சுணங்கன் என்று பெயர்கள் பல. கண்ணப்பருக்கு அது வேட்டைத் துணை. வைரவருக்கு வாகனம். மாணிக்கவாசகரோ தம்மையே 'நாயேன்' என்று தாழ்த்திக் கொள்கிறார். ஆனால் நான் இன்று பேச எடுத்துக்கொண்டது இவற்றுள் எதுவுமன்று. எங்கள் ஊவா மலைகளிலே வெள்ளைக்காரத் துரைமாரின் பங்களா வாசலிற் படுத்துக் கிடந்த, சப்பை மூக்கும் தொங்கிய கன்னமும் கொண்ட புல்டோக் நாயைப் பற்றியே சொல்லப் போகிறேன். அதற்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு.

என் தாத்தா, பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிற் பெரிய துரை பங்களாவில் நாய்க்காரனாக இருந்தவர். 1930களின் இறுதிப் பகுதி அது. பங்களா என்றால் சமையலுக்கு அப்பு இருப்பார். பூந்தோட்டத்துக்கு ஓர் ஆள், குதிரைக்கு ஓர் ஆள், நாய்களுக்கு ஓர் ஆள். இருபது வயதை எட்டாத என் தாத்தாவுக்கு நாய் வேலை வாய்த்தது. கொழுந்துக் காட்டிலும் முள்ளுக்குத்தும் வேலையிலும் காய்ந்து போகாமல் நிழலிலே நிற்கும் வேலை என்பதால், லயத்திலே அவரைப் பார்த்துப் பொறாமைப்பட்டவர்கள் உண்டு என்று அப்பாயி சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அந்த நாய் இங்கிலாந்திலிருந்து கப்பலேறிக் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து புகையிரதத்திலே பதுளைக்கு வந்து சேர்ந்தது. பதுளைக்குப் புகையிரதம் வந்தது 1924ஆம் ஆண்டில். நிலையத்துக்குப் போய் மரக்கூட்டைத் தூக்கி வந்தவர்களில் தாத்தாவும் ஒருவர். கூட்டுக்குள்ளிருந்து வந்த சத்தத்தைக் கேட்டதும் அதற்கு இழுப்பு நோய் என்றே அவர் நினைத்தாராம்.

"அது மூச்சு விடுறதக் கேட்டா நமக்கே மூச்சு முட்டும் ஐயா. ராத்திரியில படுத்துச்சின்னா மரம் அறுக்கிற மாதிரி ஒரு கொறட்டை" என்பார்.

துரை அதற்கு நீண்டதோர் ஆங்கிலப் பெயர் வைத்திருந்தார். தாத்தாவின் வாயில் அது நுழையவில்லை. யாருமில்லாத வேளைகளில் 'சப்பையா' என்று கூப்பிடுவாராம். அதுவும் இல்லாத வாலை ஆட்டிக்கொண்டு வருமாம்.

ஊவாவிலே ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் வீசும் வரண்ட கச்சான் காற்றை நீங்கள் அறிவீர்கள். ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையிற் பெயர் வாங்கித் தந்த மணம் இந்தக் காற்றுக் காலத்துக் கொழுந்திலேதான் ஊறுகிறது. அப்படியொரு காலத்து நடுப்பகலிலே துரை மலை பார்க்கப் புறப்பட்டார். நாயும் கூடப் போயிற்று. தண்ணீர்ப் போத்தலோடு தாத்தா பின்னே போனார். ஏற்றத்திலே நாய் தள்ளாடிற்று, நாக்கு நீலம் பாரித்தது, கானோரத்திலே விழுந்தது. போத்தல் தண்ணீர், கான் தண்ணீர் எல்லாவற்றையும் அதன்மேல் ஊற்றியும் பயனில்லை. சற்று நேரத்தில் அது செத்துப் போயிற்று.

நாய்க்கு நேரத்துக்குத் தண்ணீர் காட்டவில்லை என்பது தீர்ப்பு. மறுநாட் காலைப் பெரட்டிலே தாத்தாவின் பெயர் மண்வெட்டி வேலைக்குக் கூப்பிடப்பட்டது. பங்களாப் படியை அவர் அதன்பின் மிதிக்கவில்லை. அது நடந்து 50 ஆண்டுகளுக்குப் பின்னும், சிறுவனாகிய என்னிடம் அவர் சொல்லிக் கொண்டிருந்தார்: "நான் தண்ணி குடுத்தேன் ஐயா. சத்தியமா குடுத்தேன்." அத்துடன் ஒரு கேள்வியும் கேட்பார்: "மூச்சு விட ஏலாத நாய எதுக்கு ஐயா உண்டாக்கினாங்க?"

அப்போது எனக்கு விடை தெரியாது. பின்னாளிலே படித்து அறிந்துகொண்டேன். கேட்டவர் இல்லாதபோதும், விடையைச் சொல்லிவிட வேண்டும் என்பதற்காகவே இன்று உங்கள் முன் வந்திருக்கிறேன்.

புல்டோக் என்ற பெயரின் முதற்பாதி எருதைக் குறிக்கும். இங்கிலாந்திலே இடைக்காலந் தொட்டு எருதுக் கடிப்பு என்றொரு விளையாட்டு நடந்து வந்தது. எருதைக் கயிற்றாலோ சங்கிலியாலோ முளையிற் கட்டி நிறுத்துவார்கள். அதன்மேல் நாய்களை ஏவுவார்கள். எருதின் மூக்கைக் கவ்விப் பிடித்து, அது எவ்வளவு உதறினும் விடாமல் தொங்கும் நாயே வென்ற நாய். சுற்றிலும் பந்தயப் பணம் கைமாறும். கடிபட்டுச் செத்த எருதின் இறைச்சி மெதுவாக இருக்கும் என்பது அந்நாளைய நம்பிக்கை. சில நகரங்களிலே கடிப்புக்கு விடாத எருதை அறுத்து விற்ற கசாப்புக்காரருக்குத் தண்டமும் விதித்திருக்கிறார்கள். நமது கலித்தொகை காட்டும் ஏறுதழுவுதலிலே மனிதன் தானே எருதின் முன் நிற்கிறான். அங்கேயோ மனிதன் தான் ஒதுங்கி நின்று நாயை அனுப்பினான். இரண்டுக்குமிடையே இவ்வளவு வேறுபாடு உண்டு.

இந்த வேலைக்கென்றே ஒரு நாய் மெல்ல மெல்ல உருவாகிற்று. அகன்ற தாடை, தாழ்ந்த உடல், வலியைப் பொருட்படுத்தாத பிடிவாதம் ஆகியவை அதற்குத் தேவைப்பட்டன. 1630களின் தொடக்கத்தில் ஸ்பெயினின் சான் செபஸ்தியான் நகரிலிருந்த ஆங்கிலேயர் ஒருவர், தமக்கு நல்ல புல்டோக் நாய்கள் இரண்டை அனுப்பும்படி இலண்டனுக்கு எழுதிய கடிதமொன்று கிடைத்திருக்கிறது. ஆகவே அக்காலத்திலேயே இது தனிப்பெயர் பெற்றுவிட்டது எனலாம்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து ஓவியங்களிலே காணப்படும் புல்டோக், இன்று நாம் அறிந்த நாயன்று. அதற்குக் கால்கள் ஓரளவு நீண்டிருந்தன. மூக்கு குட்டையாயினும் முகத்தோடு அமுங்கிப் போகவில்லை. ஓடவும் பாயவும் கூடிய நாய் அது. எருதோடு போராடும் நாய் மூச்சு விட முடியாததாக இருந்தால் எப்படிப் போராடும்?

மனச்சாட்சியுள்ள சிலர் இந்தக் கொடுமையைத் தடுக்க முயன்றனர். 1800ஆம் ஆண்டிலும் 1802ஆம் ஆண்டிலும் பிரித்தானிய நாடாளுமன்றத்திற் கொண்டுவரப்பட்ட பிரேரணைகள் தோற்றன. ஏழை மக்களின் பொழுதுபோக்கைப் பறிப்பதா என்று பெரிய மனிதர்கள் எதிர்த்துப் பேசினார்கள். 1824இல் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் தோன்றிற்று. இறுதியில் 1835ஆம் ஆண்டின் சட்டம் எருதுக் கடிப்பை நாடு முழுவதற்கும் தடைசெய்தது.

எருதுக்கு விடுதலை கிடைத்தது. நாய்க்கு என்ன கிடைத்தது? வேலை போயிற்று. வேலை போன நாயைச் சிலர் நாய்ச் சண்டைக்குப் பழக்கினார்கள். சிலர் டெரியர் நாய்களோடு கலந்தார்கள். சிறிய புல்டோக்குகளை நொட்டிங்ஹாம் நகரத்துச் சரிகைத் தொழிலாளர் தாம் பிழைப்புத் தேடிப் போன பிரான்சுக்குக் கொண்டு போனார்கள். அங்கே அது பிரெஞ்சுப் புல்டோக் ஆயிற்று. பழைய நாயோ அழிந்துவிடும் நிலைக்கு வந்தது.

இங்கேதான், நேயர்களே, கதை திரும்புகிறது. 1859இல் நியூகாசில் நகரிலே நாய்க் கண்காட்சி தொடங்கிற்று. அடுத்த ஆண்டு பேர்மிங்ஹாம் கண்காட்சியிற் புல்டோக்குக்கும் இடம் கிடைத்தது. 1864இல் புல்டோக் பிரியர்கள் ஒரு கழகம் அமைத்தனர். மூன்று ஆண்டளவில் அது கலைந்தும் போயிற்று. ஆனால் அக்காலத்திலே 'பைலோ-குவோன்' என்ற புனைபெயரில் சாமுவேல் விக்கன்ஸ் என்பவர் ஓர் இலக்கணம் எழுதினார். புல்டோக்கின் தலை எப்படி இருக்க வேண்டும், தாடை எவ்வளவு முன்னே வரவேண்டும், தோள் எப்படி அகன்றிருக்க வேண்டும் என்றெல்லாம் வகுத்துச் சொன்னது அது. 1873இல் இலண்டனிலே கெனல் கழகம் தோன்றிற்று. அடுத்த ஆண்டு அக்கழகம் வெளியிட்ட முதலாவது பரம்பரைப் பதிவேட்டில் 4,027 நாய்களின் விபரம் இருந்தது. 1875இல் இன்றும் நிலைத்திருக்கும் புல்டோக் கழகம் அமைந்தது.

தமிழாசிரியன் என்ற முறையில் எனக்கு இது ஒரு பழைய செய்தியை நினைவூட்டுகிறது. இலக்கியம் கண்டதற்கு இலக்கணம் என்பது நம் மரபு. முதலில் வாழும் மொழி. அதைப் பார்த்து எழுதப்படும் விதி பின்னால் வரும். புல்டோக்கின் விடயத்திலே இது தலைகீழாயிற்று. விதியை முதலில் எழுதி, அதற்கேற்ப நாயைச் செய்தார்கள். மூக்குக் குட்டையாக இருக்க வேண்டும் என்றது விதி. அதிகக் குட்டையாக இருந்த நாய்க்குப் பரிசு கிடைத்தது. பரிசு பெற்ற நாயின் குட்டிகளுக்கு விலை ஏறிற்று. அடுத்த தலைமுறையிலே மூக்கு இன்னுங் குட்டையாயிற்று. எருதைக் கவ்வியபடி மூச்சு விடுவதற்காகவே மூக்கு உள்ளே போயிற்று என்று சொல்லப்படும் கதை, இந்தக் கண்காட்சி மூக்குக்கு நியாயம் கற்பிக்க எழுந்தது என்றே எனக்குப் படுகிறது.

1890களின் முற்பகுதியில் நடந்த ஒரு போட்டி இதைத் தெளிவாக்கும். டோக்லீப் என்பது கண்காட்சிகளிற் புகழ்பெற்ற நாய். கிங் ஓரி என்பது பழைய புல்டோக்கின் சாயலில் இலேசான உடலுடைய நாய். எது சிறந்த நாய் என்ற வாதம் முற்றி, இரண்டையும் 20 மைல் நடக்கவிட்டுப் பார்த்தார்கள். ஏறத்தாழப் பதுளையிலிருந்து பண்டாரவளை வரையிலான தூரம். கிங் ஓரி நடந்து முடித்தது. பரிசு நாயாகிய டோக்லீப்பால் முடியவில்லை. ஆயினும் அதன்பின் வந்த காலம் டோக்லீப்பின் பாதையிலேயே போயிற்று என்பதுதான் வேதனைக்குரியது.

இனி எங்கள் ஊவாவுக்கு வருவோம்.

இந்த மலைகளுக்கு வெள்ளையர் வந்தபோது நாய்களோடுதான் வந்தார்கள். வேட்டை அவர்களுக்குப் பொழுதுபோக்கு மட்டுமன்று, பெருமையும் கூட. பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த மேஜர் தோமஸ் வில்லியம் றொஜர்ஸ் 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று சொல்லப்படுகிறார். 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். பதுளை நகரிலுள்ள சென் மார்க் தேவாலயம் அவர் நினைவாக எழுந்ததே. அவருக்குப் பின் 1848இல் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர், நாய்க்கூட்டத்தோடு ஹோர்ட்டன் சமவெளியிலும் ஊவாப் புற்றரைகளிலும் மரை வேட்டையாடினார். 1850களில் அவர் எழுதிய இரு நூல்களிலே பிரான், கில்பக், ஸ்மட் என்று அவருடைய நாய்களின் பெயர்கள் மனிதரின் பெயர்களைப் போலவே வருகின்றன.

அந்நூல்களிலே பேக்கர் கூறும் ஒரு விடயம் நமது கதைக்கு முக்கியமானது. இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த தூய இன நரிவேட்டை நாய்கள் இந்த மலைகளுக்கு ஒத்துவரவில்லை என்றும், கலப்பினக் குட்டிகளே இங்கு நின்று பிடித்தன என்றும் அவர் அனுபவத்திற் கண்டு எழுதியிருக்கிறார். அவருடைய புகழ்பெற்ற பிடிநாயாகிய ஸ்மட்டும் கலப்பினமே. குளிரும் வெயிலும் அட்டையும் சிறுத்தையும் உள்ள நாட்டிலே தூய இரத்தம் என்ற பெருமை உயிரைக் காப்பாற்றவில்லை.

வேட்டைக்காரராகிய பேக்கர் அறிந்திருந்ததைப் பிற்காலத்துத் துரைமார் மறந்து போனார்கள் போலும். 1869இல் எங்கள் மடுல்சீமைப் பகுதியிலே முதன்முதலாகக் காணப்பட்ட இலைநோய் கோப்பியை அழித்தது. தேயிலை வந்தது. 1890இல் லிப்டன் அப்புத்தளைப் பக்கம் தோட்டங்களை வாங்கினார். காடு குறைந்தது, மரையும் குறைந்தது. வேட்டை நாயின் இடத்திற் பங்களா நாய் வந்தது. அதற்கு ஓட வேண்டிய தேவையில்லை. விறாந்தையிற் படுத்துக் கிடந்து, துரையின் நாட்டையும் துரையின் தகுதியையும் எடுத்துச் சொன்னாற் போதும். இங்கிலாந்தின் அடையாளமாகவே புல்டோக் கருதப்பட்டது. இரண்டாம் உலக யுத்த காலத்திலே சேர்ச்சிலையே புல்டோக்காகக் கேலிச்சித்திரக்காரர் வரைந்தார்கள். அப்படிப்பட்ட அடையாளம் ஒன்றுதான் என் தாத்தாவின் கையிலே கொடுக்கப்பட்டது.

அந்த நாய் ஏன் செத்தது என்பதை இப்போது சொல்லிவிடலாம். நமக்கு வியர்ப்பதைப் போல் நாய்க்கு உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்து இரைத்தே அது உடற் சூட்டைத் தணித்துக் கொள்ளும். புல்டோக்கின் முகவெலும்பு குறுகிற்றே தவிர, உள்ளேயுள்ள நாக்கும் அண்ணத்துத் தசையும் அந்த அளவுக்குக் குறுகவில்லை. நாசித் துவாரம் ஒடுங்கிவிட்டது. அண்ணத்தின் தசை தொண்டையை அடைக்கிறது. இரைக்க இரைக்கத் தொண்டை வீங்கும். வீங்க வீங்கக் காற்றுப் போகாது. காற்றுப் போகாவிட்டாற் சூடு ஏறும். தாத்தா கேட்ட அந்தக் குறட்டை தூக்கத்தின் சுகமன்று, அடைபட்ட தொண்டையின் முறையீடு. இன்று பல விமானக் கம்பனிகள் இத்தகைய தட்டைமூக்கு நாய்களை ஏற்ற மறுப்பதும் இந்தக் காரணத்தாலேயே.

ஆகவே கச்சான் காற்றுக் காலத்து நடுப்பகலில் ஊவாவின் ஏற்றமொன்றில் அந்த நாயை நடத்திக்கொண்டு போனபோதே அதன் முடிவு பெரும்பாலும் தீர்மானமாகிவிட்டது. ஒரு போத்தல் தண்ணீர் அதைக் காப்பாற்றியிருக்குமா என்பது ஐயமே. நாயின் மரணத்துக்கு வித்திட்டது பசறைத் தோட்டத்து நாய்க்காரனின் கவனக்குறைவன்று. இலண்டனிலும் பேர்மிங்ஹாமிலும் பல தலைமுறைகளாகக் கொடுக்கப்பட்ட பரிசுக் கிண்ணங்கள். தாத்தா, நீங்கள் தண்ணீர் கொடுத்தீர்கள். நான் நம்புகிறேன்.

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் இன்னுமொரு கடதாசி இருக்கிறது.

துரையின் காரியாலய அறையிலே கண்ணாடிச் சட்டமிட்டு ஒரு பத்திரம் தொங்கிற்றாம். அது நாயின் பரம்பரைப் பத்திரம். அந்த நாயின் தகப்பன் யார், பாட்டன் யார், பூட்டன் யார், தாய்வழியில் யார் யார் என்று மரக்கிளை போல எழுதியிருந்ததைக் கணக்கப்பிள்ளை ஒருநாள் தாத்தாவுக்கு வாசித்துக் காட்டினாராம். நாய்க்குப் பூட்டன் பெயர் தெரிந்திருக்கிறதே என்று தாத்தா வியந்து போனாராம்.

1948ஆம் ஆண்டு வந்தது. சுதந்திரம் வந்தது. அதே ஆண்டில் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும் வந்தது. இலங்கையிற் பிறந்த ஒருவன் வம்சாவளியாற் பிரசையாவதற்கு, அவனுடைய தந்தை இலங்கையிற் பிறந்திருக்க வேண்டும். அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். தாத்தா பிறந்தது ஊவாத் தோட்டத்து லயத்திலே. அவருடைய தந்தை பிறந்ததும் ஊவாவிலேதான் என்பது குடும்பத்தாரின் நினைவு. கோப்பிக் காலத்திலே மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழி நடந்து வந்தவர்களின் பிள்ளைகள் அவர்கள். ஆனால் நினைவைச் சட்டம் ஏற்பதில்லையே. பிறப்பைக் காட்டும் பத்திரம் எதுவும் அவர்களிடம் இருக்கவில்லை.

1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழும் தாத்தா விண்ணப்பித்துப் பார்த்தார். தொடர்ச்சியாக இங்கு வசித்ததற்கான சான்று போதாதென்று விண்ணப்பம் தள்ளுபடியாயிற்று. அந்தச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தோர் ஏறத்தாழ 8 இலட்சம் பேர். பிரசாவுரிமை கிடைத்தது 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரளவினருக்கே. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. மிச்சமிருந்த 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. தாத்தாவின் தம்பி குடும்பம் அந்தக் கணக்கிலே கப்பலேறி நீலகிரிக்குப் போயிற்று. தாத்தா போகவில்லை.

"நாயிக்கு இருந்த கடதாசி எனக்கு இல்லாமப் போச்சே ஐயா" என்று அவர் சொல்வார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். அப்பாயிதான் முகத்தைத் திருப்பிக் கொள்வாள்.

1988ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பின் சத்தியக்கடதாசி ஒன்று முடித்துத் தாத்தா இந்நாட்டுப் பிரசையானார். அப்போது அவருக்கு எழுபது வயது கடந்துவிட்டது. எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலையைத் தீர்க்க 2003ஆம் ஆண்டில் இன்னொரு சட்டம் வேண்டியிருந்தது.

பதிவு என்பது நாய்க்கும் ஒரே மாதிரியாக இருக்கவில்லை. பங்களா நாய்க்குப் பரம்பரைப் பதிவு. லயத்து நாய்க்கோ, 1893ஆம் ஆண்டின் விசர்நாய்க் கட்டளைச் சட்டமும் 1901ஆம் ஆண்டின் நாய்ப் பதிவுக் கட்டளைச் சட்டமும் இருந்தன. பதிவில்லாத நாய் பிடிபடும், கொல்லப்படும். பெயரற்ற அந்த லயத்து நாய்தான், இந்த மலையின் வெயிலுக்கும் குளிருக்கும் ஈடு கொடுத்து, மூச்சுத் திணறாமல் இன்றுவரை எங்கள் இஸ்தோப்புகளிற் படுத்திருக்கிறது என்பதையும் குறிப்பிட்டாக வேண்டும்.

புல்டோக்கின் கதை இப்போது எங்கே நிற்கிறது? தாம் செய்த பிழையை மனிதர் சிறிது சிறிதாக உணர்ந்து வருகிறார்கள். 1971இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவைச் சேர்ந்த டேவிட் லெவிற் என்பவர் பழைய ஓவியங்களிற் கண்ட புல்டோக்கை மீட்டெடுக்க முனைந்தார். பாதி ஆங்கிலப் புல்டோக், மீதியில் புல்மாஸ்டிப், பிட்புல், அமெரிக்கப் புல்டோக் என்று கலந்து, மாடுகளுக்கென வகுக்கப்பட்டிருந்த இனப்பெருக்க முறையைப் பின்பற்றி, ஓடவும் மூச்சு விடவும் கூடிய நாயொன்றை உருவாக்கினார். கலப்பினமே நின்று பிடிக்கும் என்று பேக்கர் இந்த மலைகளிற் கண்டது, நூறு ஆண்டுகளுக்குப் பின் அங்கே மறுபடி உணரப்பட்டது எனலாம்.

2010இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்று, புல்டோக் ஈற்றுகளில் 100க்கு 80க்கு மேற்பட்டவை வயிற்றைக் கீறியே நிகழ்வதைக் காட்டிற்று. குட்டியின் பெருந்தலை தாயின் ஒடுங்கிய இடுப்பு வழியே வருவதில்லை. மனிதனின் கத்தியின்றித் தன் இனத்தைப் பெருக்க இயலாத உயிரை மனிதன் செய்து வைத்திருக்கிறான். 2009இல் இலண்டன் கெனல் கழகமும் தன் இலக்கணத்தைத் திருத்திற்று. 2022 ஜனவரியில் நோர்வேயின் ஒஸ்லோ நீதிமன்றம் ஆங்கிலப் புல்டோக்கை இனம்பெருக்குவது விலங்கு நலச் சட்டத்துக்கு முரணானது என்று தீர்த்தது. மேல்முறையீட்டிலே புல்டோக் தொடர்பான அத்தீர்ப்பு நிலைக்கவில்லையாயினும், கேள்வி கேட்கப்பட்டுவிட்டது. என் தாத்தா லயத்து இஸ்தோப்பிலிருந்து கேட்ட அதே கேள்விதான்.

நேயர்களே, துரைமார் தம் நினைவுகளைப் புத்தகங்களாக எழுதினார்கள். அவற்றிலே அவர்களுடைய நாய்களின் பெயர்கள் இருக்கின்றன. அந்த நாய்களைக் குளிப்பாட்டியவர், சோறூட்டியவர், உண்ணி பிடுங்கியவர் பெயர்களைத் தேடினால் அரிதாகவே கிடைக்கும். 1970களின் தேசியமயமாக்கலோடு வெள்ளைத் துரைமாரும் போய்விட்டார்கள். அவர்களிடம் வேலை பார்த்தவர்களும் அநேகமாகப் போய்விட்டார்கள். மிஞ்சியிருப்பது அவர்கள் பிள்ளைகளின் ஞாபகம் மட்டுமே.

நான் படிப்பிக்கும் இந்துக் கல்லூரியிலே உயர்தர வகுப்பு மாணவருக்கு ஆண்டுதோறும் ஒரு வேலை கொடுப்பதுண்டு. உங்கள் பாட்டன் பாட்டியின் பெயர், பிறந்த தோட்டம், செய்த வேலை ஆகியவற்றைக் கேட்டு எழுதி வாருங்கள் என்பேன். பலருக்குப் பூட்டன் பெயர் தெரிவதில்லை. வீட்டிலே கேட்டு, பக்கத்து லயத்துப் பெரியவர்களிடம் கேட்டு, எழுதி வருவார்கள். சென்ற ஆண்டு ஒரு மாணவி நான்கு தலைமுறையின் பெயரை மரக்கிளை போல வரைந்து கொண்டு வந்தாள். அந்தக் கொப்பியை நீண்ட நேரம் வைத்துப் பார்த்துக் கொண்டிருந்தேன்.